வீடியோ பார்த்தால் கணக்கு வருமா?

"எல்லாம்தான் யூடியூப்லயே இருக்கே, அப்புறம் டீச்சர் எதுக்கு?" என்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து யாராவது கேட்டால், ரசம் வாங்கிக்கொண்டு சிரித்து வைப்பேன். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பையன் ஏதோ ஒரு சேனலைப் பார்த்துத்தான் இருபடிச் சமன்பாடு படித்திருப்பான், நல்ல மார்க்கும் எடுத்திருப்பான். நான் மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். எந்தப் பிள்ளை வீட்டிலும் போன் இல்லாத காலத்திலும் எடுத்தேன், இன்றைக்கு என்னைவிட வேகமாகப் போனில் தேடும் பிள்ளைகளுக்கும் எடுக்கிறேன். இந்தக் கருவிகள் எனக்கு எங்கே கை கொடுத்தன, எங்கே வேலை நடந்த மாதிரி ஒரு தோற்றத்தை மட்டும் கொடுத்தன என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களுக்கும் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஏதாவது பயன்படலாம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கருவிகளுக்குப் பஞ்சம் என்று இனிமேல் சொல்ல முடியாது. 2011-ல் மேல்நிலை மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வந்தது. 2018-ல் புதிய பாடநூல்கள் வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு இருந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி, அதையொட்டி ஹைடெக் லேப் என்ற கணினி அறை, 2023-ல் பாட வீடியோக்களுக்கான மணற்கேணி செயலி, இப்போது ஸ்மார்ட் வகுப்பறை. ஒவ்வொன்று வந்தபோதும் இரண்டு விதமான ஆசிரியர்களைப் பார்த்தேன். இதோடு எல்லாம் மாறிவிடும் என்றவர்கள் ஒரு பக்கம், இதெல்லாம் சும்மா என்று பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் இன்னொரு பக்கம். மாறவும் இல்லை, சும்மாவும் இல்லை.

நல்லதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பொதுத்தேர்வில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளைக் கரையேற்ற நாங்கள் எல்லோரும் பிடிக்கும் கயிறு இதுதான். வரைபடத்தில் இருபடிச் சமன்பாடு வந்தால், அட்டவணை போடு, அளவுத்திட்டம் எழுது, புள்ளி குறி, கை நடுங்காமல் வளைவாக இணை. கடைசியில் "தீர்வுகளின் தன்மையை ஆராய்க" என்று ஒரு வரி இருக்கும். அதற்கும் ஒரு மனப்பாடம் வைத்திருப்பார்கள்: வளைவு எக்ஸ் அச்சை இரண்டு இடத்தில் வெட்டினால் மூலங்கள் (அதாவது விடைகள்) மெய், சமமில்லை, தொட்டால் மெய், சமம், வெட்டவே இல்லை என்றால் மெய்யான மூலங்கள் இல்லை. எழுதிவிடுவார்கள், மார்க்கும் விழும். ஆனால் பரவளையம், அதாவது அந்த வளைவு, எக்ஸ் அச்சை வெட்டுவதற்கும் சமன்பாட்டுக்கு விடை கிடைப்பதற்கும் என்ன உறவு என்று கேட்டுப் பாருங்கள், முழு மதிப்பெண் வாங்குகிற பிள்ளையே முழிக்கும். கரும்பலகையில் நான் எத்தனை பரவளையம் வரைந்தாலும் அது புரியாததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனிப் படமாகத்தான் வரைய முடிகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்று நகர்ந்து வருவதைச் சாக்பீஸ் காட்டாது.

ஜியோஜீப்ரா காட்டும். 2001-ல் ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் தன் படிப்புக்காகத் தொடங்கிய மென்பொருள் அது, இலவசமாகவே கிடைக்கிறது. நம் பாடநூலில் "இணையச் செயல்பாடு" என்று ஒரு கட்டம் வருமே, பெரும்பாலோர் புரட்டிவிட்டுப் போகிற பக்கம், அதில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

நான் செய்வது இப்படி. முதலில் திரையே கிடையாது. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 எக்ஸ் பிளஸ் 3, இதை எல்லோரும் கிராஃப் தாளில் வரைகிறார்கள். 1-லும் 3-லும் வெட்டுகிறது. இப்போது கடைசியில் இருக்கும் 3-ஐ 4 ஆக்கினால் படம் எங்கே போகும், 5 ஆக்கினால் என்ன ஆகும், அதே தாளில் பென்சிலால் உத்தேசமாகப் போடு என்கிறேன். இங்கேதான் வகுப்பில் சத்தம் வரும். வலது பக்கம் போகும் என்பான் ஒருவன், அகலமாகும் என்பாள் இன்னொருத்தி, மேலே போகும் என்று இரண்டு பேர், பக்கத்தில் இருப்பவன் தாளைப் பார்த்து அப்படியே போடுபவர்கள் ஏழெட்டுப் பேர். எல்லோரும் ஏதாவது ஒன்றைப் போட்டு முடித்த பிறகுதான் புரொஜெக்டரை ஆன் செய்வேன். நழுவுகோலை (இழுத்தால் எண் மாறுகிற திரைப் பட்டை) பிடித்து 3-லிருந்து மெதுவாக நகர்த்தினால் மொத்த வளைவும் அப்படியே மேலே எழும்பும், வெட்டும் புள்ளிகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வந்து 4-ல் ஒரே புள்ளியாக அச்சைத் தொடும், 5-ல் அச்சை விட்டே விலகிப்போய்விடும். "அட, டீச்சர், அதான் விடை இல்லையா!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான் ஒரு வருஷம். தன்மைக்காட்டி (பி ஸ்கொயர் மைனஸ் 4 ஏசி) 4, 0, மைனஸ் 4 என்று மாறுவதைப் பக்கத்திலேயே எழுதிக் காட்டினால் போதும். அதுவரை சூத்திரமாக இருந்தது அதற்குப் பிறகு படமாகத் தெரிகிறது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மென்பொருளின் பெயரை இல்லை, வரிசையை. அதே நழுவுகோலை முதலிலேயே போட்டுக் காட்டியும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ரசித்துப் பார்த்தார்கள், அழகாக இருக்கிறது என்றார்கள், மறுநாள் கேட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முன்கூட்டியே ஒரு பதிலைச் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளைதான் திரையைக் கவனித்துப் பார்க்கிறது, தான் சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ள வேண்டும் அதற்கு. அறிவியல் டீச்சர்களுக்கு இதே மாதிரி பெட் (PhET) என்ற உருவகப்படுத்திகள் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்) கொலராடோ பல்கலைக்கழகத்திலிருந்து கிடைக்கின்றன, மின்சுற்று, ஊசல் என்று நிறைய. அவற்றுக்கும் இதே வரிசைதான்.

அடுத்து வீடியோ. இதில்தான் பெற்றோர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நல்ல சேனல்கள் தமிழிலேயே நிறைய இருக்கின்றன, சொல்லிக்கொடுப்பவர்களில் சிலர் என்னைவிட நன்றாகவே சொல்கிறார்கள், அதில் எனக்குச் சங்கடம் இல்லை. பிள்ளையும் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிறது. "புரிஞ்சுதாப்பா?" என்றால் "சூப்பரா புரிஞ்சுது டீச்சர்" என்கிறது. அது பொய் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் தோன்றுகிறது. பலகைக்கு வரச் சொல்லி அதே கணக்கைக் கொடுத்தால் முதல் வரி கடகடவென்று வரும், இரண்டாவது வரியில் சாக்பீஸ் நிற்கும்.

இதைப் பற்றி 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே மேல்: 83 சதவீதம், மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. வீடியோவை முடித்த கையோடு வருகிற "புரிஞ்சுது" அந்த ஐந்து நிமிஷக் கணக்கு, பரீட்சை ஒரு வாரம் கழித்து அல்லது ஆறு மாசம் கழித்து வருகிறது. மனப்பாடம் செய்கிற பகுதிக்கான சோதனைதான் அது, கணக்குக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சாதிக்க மாட்டேன், ஆனால் என் வகுப்பில் பார்ப்பது அதேதான்.

அதனால் வீட்டில் வீடியோ பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ரொம்பச் சின்ன விஷயம். கணக்கை அவர் பலகையில் எழுதியதும் வீடியோவை நிறுத்து. நீயே நோட்டில் போடு. முடியவில்லையா, எந்த வரியில் நின்றாயோ அந்த வரி வரைக்கும் மட்டும் ஓட்டு, மறுபடி நிறுத்து. முழுவதும் பார்த்துவிட்டுக் கடைசியில் போட்டுப் பார்ப்பது வேண்டாம். வேகத்தை ஒன்றரை மடங்கு வைத்துப் பார்ப்பதும் வேண்டாம், கணக்குக்கு அது ஆகாது. பெற்றோர்களுக்கு: எத்தனை வீடியோ பார்த்தாய் என்று கேட்காதீர்கள், வீடியோ பார்க்கும்போது எழுதிய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டியதே இல்லை. நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் வேலை நடந்திருக்கிறது, மணிமணியாக ஒரு பிழை இல்லாமல் இருந்தால் திரையைப் பார்த்துக் காப்பி அடித்தது.

கொரோனா காலத்தைச் சொல்லாமல் இது முடியாது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, பத்தாம் வகுப்புக்கு 2021 ஜனவரி 19-ல்தான் திறந்தது, ஒன்பதாம் வகுப்புக்குப் பிப்ரவரி 8. நடுவில் நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே நேரலையில் வகுப்பு கவனித்தார்கள் என்று கேள்விப்பட்டு நானும் ஆரம்பத்தில் முயன்றேன். எங்கள் ஊர் நிலவரம் வேறு. போன் அப்பாவுடையது. அவர் வயலுக்கோ பெயின்ட் வேலைக்கோ காலையில் அதை எடுத்துக்கொண்டு போனால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும், வந்தாலும் அண்ணன் தம்பி தங்கை மூன்று பேருக்கும் அது ஒன்றுதான், அன்றைய டேட்டா பாதி காலியாகியிருக்கும். காலை பத்து மணிக்கு நேரலை என்றால் நாலு பேர் வருவார்கள், அந்த நாலு பேரும் வராவிட்டாலும் படித்துக்கொள்ளக்கூடிய பிள்ளைகள்.

கடைசியில் நின்றது என்னவென்றால், நோட்டில் என் கையெழுத்திலேயே ஒரே ஒரு கணக்கு, அதை ஒரு போட்டோ, கூடவே வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு குரல் பதிவு. எந்த நேரத்திலும் கேட்கலாம், டேட்டாவும் அதிகம் ஆகாது, மூன்று முறை திருப்பிக் கேட்டாலும் "எத்தனை தடவ சொல்றது" என்று யாரும் திட்டமாட்டார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் எனக்குத் தனியாகக் குரல் பதிவில் சந்தேகம் கேட்க ஆரம்பித்தாள், பக்கத்தில் மாடு கத்துகிற சத்தம், பாட்டி யாரையோ ஏசுகிற சத்தம் எல்லாம் சேர்ந்து வரும். முப்பது பேர் முன்னால் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியை அவள் போனிடம் கேட்டாள். பள்ளி திறந்த பிறகும் அந்த ஒரு பழக்கத்தை நான் விடவில்லை. தினமும் ராத்திரி ஒன்பதரை மணி வரைக்கும் சந்தேகம் அனுப்பலாம், பதில் மறுநாள் காலையில். (ஒன்பதரைக்கு மேல் நான் போனைத் தொடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் குடும்பம் நடத்த முடியாது.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியை அடைத்தது திரைகள் மட்டும் இல்லை. 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, சாயங்கால நேரத்தில் அந்தந்தத் தெருவிலேயே தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். எங்களிடம் அதற்குப் பிறகு ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர்களில், அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர்களையும் உட்காராதவர்களையும் வாய்ப்பாடு கேட்டாலே பிரித்துச் சொல்லிவிடுவேன்.

சரி, இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் ஒரு பையன் திணறுகிறான் என்றால், ஒன்பதாம் வகுப்பு வீடியோவை எத்தனை போட்டுக் காட்டினாலும் பிரயோஜனம் இல்லை. அவன் சிக்கல் பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ இருக்கிறது. மைனஸ் 3 மைனஸ் 5 எவ்வளவு என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "மைனஸ் மைனஸ் பிளஸ், அதனால பிளஸ் 8" என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், சரியான விடை மைனஸ் 8. பெருக்கலுக்குச் சொல்லிக்கொடுத்த மந்திரத்தை எங்கே பார்த்தாலும் போட்டுவிடுகிறது பிள்ளை. காரணிப்படுத்தலின் முறை அவனுக்குச் சரியாகவே தெரியும், ஆனால் இந்த ஒரு இடத்தில் சறுக்கி விடை தப்பாகும், அவனுக்கும் தெரியாது எங்கே தப்பு என்று, எனக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிவிடுவான்.

இதைப் பிடிக்க நான் பயன்படுத்துவது எக்ஸெல் தாள், வேறொன்றுமில்லை. வருஷ ஆரம்பத்தில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்குகளிலிருந்து சின்னச் சின்னக் கேள்விகளாக ஒரு தாள். பிள்ளைக்கு ஒரு வரிசை, கேள்விக்கு ஒரு பத்தி, சரி என்றால் 1, தவறு என்றால் 0, தொடவே இல்லை என்றால் காலி. மொத்த மார்க்கைப் பார்க்கவே மாட்டேன், பத்திகளைத்தான் கீழ்நோக்கிப் பார்ப்பேன். குறை எண் கழித்தல், பின்னக் கூட்டல், அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ், இந்த மூன்று பத்திகளில்தான் வருஷா வருஷம் பூஜ்யங்கள் கொத்துக் கொத்தாக நிற்கும். ஜூன் மாசம் அந்த மூன்றையும் உட்கார்ந்து சரிசெய்துவிட்டுத்தான் பாடத்துக்குள் போவேன். "போர்ஷன் முடிக்கணுமே" என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நவம்பரில் அந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2015-ல் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிப் பயிற்சியை வைத்துக் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். அதில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நிற்கிற இடத்திலிருந்தே கேள்வி கொடுத்தது, நாலரை மாசத்தில் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கணக்கிலும் இந்தியிலும் நன்றாகவே முன்னேறிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் பாதிதான் கணினி, மீதிப் பாதி ஒரு ஆள் சின்னக் குழுவாக வைத்துச் சொல்லிக்கொடுத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இதற்கு நேர் எதிர், பெரு நாட்டில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்தார்கள், 2012-ல் வந்த மதிப்பீட்டில் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றமே தெரியவில்லை. கணினி இரண்டு இடத்திலும் இருந்தது. பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு இடத்தில்தான் பார்த்தார்கள்.

போட்டோ எடுத்தால் கணக்கு போட்டுக் கொடுக்கும் செயலிகளும், 2022 கடைசியில் வந்த சாட்ஜிபிடியும், வீட்டுப்பாடம் என்பதையே ஏறக்குறைய முடித்துவிட்டன. பத்து கணக்கு கொடுத்தால் பத்தும் சரியாக வருகிறது, பின்னத்தில் தடுமாறுகிறவன் நோட்டிலும் "எனவே கொடுக்கப்பட்ட சமன்பாட்டைச் சுருக்கினால்" என்று பேராசிரியர் மாதிரி வரி இருக்கிறது. நான் திட்டுவதை விட்டுவிட்டு வீட்டுப்பாடத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது கணக்கையும் விடையையும் நானே சேர்த்துக் கொடுக்கிறேன், நடுவில் ஒரு வரியில் வேண்டுமென்றே ஒரு தப்பு இருக்கும். எந்த வரி, யார் இந்தத் தப்பைச் செய்வார்கள், ஏன் செய்வார்கள், இதை மறுநாள் வாயால் சொல்ல வேண்டும். செயலியிடம் கேட்டு வரியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, நின்று சொல்லும்போது தெரிந்துவிடும். இரண்டு கணக்கு போதும், பத்து வேண்டாம். சில பிள்ளைகள் தாங்களே தப்பு வைத்து அடுத்தவருக்குக் கணக்கு தயாரிக்கிறார்கள், அதில் ஒருவன் வைக்கிற தப்புகள் என்னையே ஒரு நிமிஷம் ஏமாற்றும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை, நடைமுறை விஷயம். இணையத்தை நம்பி வகுப்புக்குப் போகாதீர்கள். எது வேண்டுமோ அதை முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஜியோஜீப்ரா இணையம் இல்லாமலும் ஓடும். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கம் அடித்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அது பெரிய விஷயம், விடுங்கள், சாதாரண நாளிலேயே பதினொன்றரைக்குக் கரண்ட் போகிறதே. புரொஜெக்டர் மறுபடி சூடாகிறவரை பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வகுப்பு நேரத்தில் வருகைப் பதிவு, புள்ளிவிவரம் என்று போனில் தட்டிக்கொண்டிருக்க நேர்கிற நிமிஷங்கள். மேலே யாருக்கோ அந்த எண்கள் உதவலாம், ஆனால் காலை முதல் பீரியடில் சர்வர் சுற்றிக்கொண்டிருக்க நான் போனைப் பார்த்து நிற்கும்போது பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்வது கணக்கு இல்லை.

போன வருஷம் முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து பள்ளிக்கு ஏதாவது வாங்கித் தருகிறோம், பெரிய தொடுதிரைப் பலகையாகவே தருகிறோம் டீச்சர் என்று வந்தார்கள். ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதுவே வாரத்தில் சில நாள்தான் வேண்டியிருக்கிறது, ஒரு நல்ல ஜெராக்ஸ் மெஷின் வாங்கிக் கொடுங்கள் என்றேன். முகம் கொஞ்சம் வாடியது, திறப்பு விழாவில் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தால் எப்படி இருக்கும் என்ற கவலை. ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகக் கேள்வித்தாள் கொடுக்க வேண்டும் என்றால், குறை எண்ணில் நிற்பவனுக்கு ஒன்று, பின்னத்தில் நிற்பவளுக்கு ஒன்று என்று அச்சடித்துக் கையில் கொடுக்க எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வாங்கித் தந்துவிட்டார்கள். நீங்களும் உங்கள் பள்ளிக்கு ஏதாவது செய்வதாக இருந்தால் மெஷினோடு ஒரு வருஷத்துக்கு டோனருக்கும் பேப்பருக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள், பள்ளியில் அதற்குத்தான் பணம் தேடி அலைய வேண்டியிருக்கிறது.